காலுக்கு எட்டும் ஊர்

திங்கள்கிழமை மனுநாள். சேலம் கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறவர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மிச்சத் தூரத்தை நடந்தே கடந்துவிடலாம். அரசு மருத்துவமனை, மாநகராட்சி அலுவலகம், வ.உ.சி. மார்க்கெட், கோட்டை மாரியம்மன் கோவில் எல்லாம் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. மனுவைக் கொடுத்த கையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பார்த்துவிட்டு, பூவும் காய்கறியும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். நாமக்கல் நிலைமை வேறு. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கு ஆட்சியரகம் அமைந்தது ஊரைத் தாண்டி, திருச்செங்கோடு சாலையில். ஊருக்குள் வந்து இறங்கியவர் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பஸ் கிடைக்காதவர் ஆட்டோவுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டும். மனு கொடுத்த பிறகு கடைவீதியில் வேலை இருந்தால் மறுபடியும் ஒரு பயணம்.

இரண்டு ஊர்க்காரர்களின் காலிலும் ஒரே தெம்புதான் இருக்கிறது. ஒருவர் நடக்கிறார், மற்றவர் வண்டி தேடுகிறார் என்றால், அதற்குக் காரணம் ஒரு கட்டடத்தை எங்கே வைப்பது என்று எப்போதோ எடுத்த முடிவு. நடப்பதையும் சைக்கிள் மிதிப்பதையும் பற்றி நாம் பேசும்போதெல்லாம் பிளாட்பாரம் சரியில்லை, ஆக்கிரமிப்பு, மக்களுக்குச் சோம்பேறித்தனம் என்றுதான் பேச்சு போகிறது. பிளாட்பாரத்துக்குப் பிறகு வருவோம். அதற்கு முன்னால் தீர்மானமாகிவிடுவது தூரம். எந்த நிலத்தில் எது வரலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்ற முடிவுகள் அந்தத் தூரத்தை உண்டாக்குகின்றன.

சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். விடிகாலையில் சேலம் காந்தி மைதானத்துக்குப் போனால் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று தெரியும். அவர்களில் பலர் அங்கே வருவது ஸ்கூட்டரிலும் காரிலும். நடக்க வேண்டும் என்ற விருப்பம் இருக்கிறது. அன்றாட வேலைக்கு நடந்து போகும் வழிதான் அவர்களுக்கு வாய்க்கவில்லை. விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்தே ஆகவேண்டியவர்களின் கூட்டம் இன்னும் பெரிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத்தொழிலும் தவிர்த்த மற்ற வேலைகளில் இருக்கும் இந்தியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் வேலைக்கு நடந்து போனார்கள், 13 பேர் சைக்கிளில் போனார்கள். கார், ஜீப், வேன் மூன்றையும் சேர்த்தாலும் 3 பேருக்குள்தான்.

இப்போது தூரத்தின் கணக்கு. சாதாரணமாக நடக்கிறவர் கால் மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் போவார். அவசரமில்லாமல் மிதிக்கிறவர் இருபது நிமிடத்தில் நாலு கிலோமீட்டர் போவார். 2011இல் சேலம் மாநகராட்சியின் பரப்பு சுமார் 91 சதுர கிலோமீட்டர், மக்கள் 8.29 லட்சம். அந்தப் பரப்பை ஒரு வட்டமாக நினைத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்தரைக் கிலோமீட்டர்கூட இல்லை. அதாவது நகரத்தின் பாதிக்கு மேற்பட்ட பரப்பு, நடு ஊரிலிருந்து இருபது நிமிட சைக்கிள் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. சேர்வராயன், ஜருகுமலை, கஞ்சமலை, நகரமலை என்று சுற்றிலும் மலை நின்றாலும் ஊர் இருப்பது சமதரையில். சைக்கிளுக்கு இதைவிட வாட்டமான ஊர் அமைவது கடினம். சித்திரை வெயில் ஒரு தடைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வெயிலில்தான் முப்பது வருடம் முன்பு ஊரே சைக்கிளில் போனது. அப்போது சாலையோரப் புளியமரங்கள் இருந்தன.

சேலம் நடக்கிற ஊராக இருந்ததற்கு யாரும் திட்டம் போடவில்லை. தொழில்தான் அதை அப்படி ஆக்கியது. அம்மாபேட்டை, குகை வட்டாரங்களில் நெசவாளிக்கு வீடும் தறியும் ஒன்று. பாவு நீட்டிக் கஞ்சி போட நீளமான திறந்த இடம் வேண்டும் என்பதால் குடியிருப்புகளுக்கு நடுவே பாவடிகளை விட்டுவைத்தார்கள். காலையில் பாவு ஓடிய இடம் சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும் இடமாகவும், திருவிழாவுக்குப் பந்தல் போடும் இடமாகவும் ஆனது. சில பாவடிகளின் பெயர் பள்ளிக்கூடங்களின் பெயரிலேயே இன்றும் நிற்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு ஒரே பட்டறையில் முழுதாக முடிவதில்லை. கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது இன்னொரு வீடு, மெருகு போடுவது வேறொரு வீடு. தெருவுக்குத் தெரு சரக்கு கைமாறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட தொழிலுக்குச் சந்துகள் வேண்டும், குறுக்கு வழி வேண்டும், கூப்பிடு தூரத்தில் ஆள் வேண்டும். வீடு, வேலை, கடை, கோவில், பள்ளி எல்லாம் கலந்து கிடந்ததால் தூரம் தானாகக் குறைந்தது.

அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பிற்காலத்தில் எண்களால் நிறுவினார்கள். ராபர்ட் செர்வெரோவும் காரா காக்கல்மனும் 1997இல் மூன்று காரணங்களைச் சொன்னார்கள்: மக்கள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள், நிலப் பயன்பாடு எவ்வளவு கலந்திருக்கிறது, தெருக்கள் எப்படி அமைந்திருக்கின்றன. 2010இல் ரீட் யூவிங்கும் செர்வெரோவும் ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நடையோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டவையாகத் தெரிந்தவை கலந்த நிலப் பயன்பாடும், நடக்கும் தூரத்தில் உள்ள இடங்களும், தெருச் சந்திப்புகளின் எண்ணிக்கையும்தான். வெறும் நெருக்கத்துக்கு அவ்வளவு வலு இல்லை. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்பது சுலபம். அடுக்குமாடி கட்டி ஆயிரம் பேரைக் குடிவைத்தாலும், வெளியே வர ஒரே வாசலும் பால் வாங்க இரண்டு கிலோமீட்டரும் என்றால் யாரும் நடக்கமாட்டார்கள். முக்குக்கு முக்கு ஒரு சந்து பிரிகிற குகையில் நடப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான அமைப்பைப் பார்க்க வேண்டுமானால் சேலத்தையோ நாமக்கல்லையோ விட்டு எந்த ரோட்டில் வெளியே போனாலும் போதும். பத்து ஏக்கர் விவசாயக் காடு மனையாகிறது. மெயின் ரோட்டைப் பார்த்து ஒரு ஆர்ச், உள்ளே தார் ரோடு, சுற்றிலும் ஹாலோபிளாக் சுவர், நுழையவும் வெளியேறவும் ஒரே வழி. கொஞ்ச நாளில் பக்கத்துக் காடும் மனையாகிறது. அதற்கும் ஒரே வழி, அதுவும் மெயின் ரோட்டுக்கு. இரண்டு லேஅவுட்டின் உள்ரோடுகளும் சுவரில் முட்டி நிற்கின்றன. மாடியில் நின்றால் பக்கத்து நகரின் மளிகைக்கடை போர்டைப் படிக்கலாம். போக வேண்டுமென்றால் ஆர்ச் வரை வந்து, லாரி ஓடுகிற ரோட்டில் ஏறி, அடுத்த ஆர்ச்சில் நுழைந்து, அதே தூரம் உள்ளே போகவேண்டும். இருநூறு மீட்டர் ஒன்றரைக் கிலோமீட்டராகிவிடுகிறது. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரிலும் நடுப்பகுதி நெடுஞ்சாலை. எந்தத் தாய் பத்து வயதுப் பிள்ளையிடம் சைக்கிளைக் கொடுத்து ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வரச் சொல்வாள்?

ஒவ்வொரு லேஅவுட்டும் முறைப்படி அனுமதி பெற்றதாகவே இருக்கலாம். ரோட்டின் அகலம் விதிப்படி, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் விதிப்படி. தனித்தனியாகப் பார்த்தால் குறை இல்லை. பக்கத்து நிலத்தோடு இது எங்கே சேரும், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக வழி எது என்ற கேள்வி அனுமதியின் மையத்தில் இல்லாததுதான் கோளாறு.

இதில் மனதை மிகவும் வருத்துவது இட்டேரிகளின் கதி. இந்தச் சீமையில் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே இருபுறமும் கிளுவை வேலி வைத்த தடங்கள் உண்டு. ஆடு மாடும் மாட்டு வண்டியும் போகும்; சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மனிதர்கள் நிழலிலேயே நடந்து போவார்கள். ஊரையும் ஊரையும் நெடுஞ்சாலையைத் தொடாமல் இணைத்த வழிகள் அவை. இவற்றில் பல, வண்டிப்பாதை என்றும் நடைபாதை என்றும் கிராம வரைபடத்திலும் புல வரைபடத்திலும் பதிவானவை. நிலம் மனையாகும்போது வேலியை வெட்டிச் சமன்படுத்தி, இட்டேரியை ஒரு பக்கத்து மனைக்காரர் எடுத்துக்கொள்கிறார், அல்லது சாக்கடை வாய்க்கால் ஆகிறது. கோடிக்கணக்கில் செலவழித்து நாளை ஒரு சைக்கிள் பாதை போட வேண்டுமென்றால் நிலம் எங்கே என்று தேடுவோம். நிலம் இங்கேயே இருக்கிறது, அரசின் ஏட்டிலேயே இருக்கிறது.

பெரிய கட்டடங்கள் ஊரைவிட்டு வெளியேறுவதும் இதே கதையின் இன்னொரு பக்கம். நாமக்கல்லின் புதிய பஸ் நிலையம் முதலைப்பட்டியில் கட்டப்பட்டு, 2024 அக்டோபரில் முதல்வர் மு.க. ஸ்டாலினால் திறந்துவைக்கப்பட்டது. மாற்றியதற்கு நியாயம் இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்ட் இருந்த இடம் மலைக்கோட்டை அடிவாரத்து நெரிசல். வெளியூர் பஸ் ஒவ்வொன்றும் கடைவீதிக்குள் நுழைந்து திரும்ப வேண்டியிருந்தது. அதே நெரிசலுக்கு இன்னொரு பெயர் வசதி. பஸ்ஸைவிட்டு இறங்கினால் நரசிம்மர் கோவில், ஆஞ்சநேயர் கோவில், கமலாலயக் குளம், கடைவீதி எல்லாம் நடக்கிற தூரம். இப்போது சேலத்திலிருந்தோ கரூரிலிருந்தோ வருகிறவர் முதலைப்பட்டியில் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு மாற வேண்டும். பஸ்ஸில் வருகிற ஒவ்வொருவரும் பயணத்தின் இரண்டு முனையிலும் நடக்கிறவர்தான். பஸ்ஸை ஊருக்கு வெளியே அனுப்பும்போது நடக்கிறவரையும் சேர்த்தே வெளியே அனுப்புகிறோம்.

பழைய இடத்துக்கே திரும்பப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நடந்ததிலிருந்து அடுத்து என்ன செய்யலாம் என்றுதான் பார்க்க வேண்டும். சேலத்தில் வெளியூர் பஸ்கள் மெய்யனூர்ப் பக்கம் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு மாறியதும், ஐந்து ரோடு, சுவர்ணபுரி வட்டாரமே இன்னொரு ஊராக வளர்ந்துவிட்டது. பஸ் நிலையம் நகர்ந்தால் ஊரும் பின்னாலேயே நகரும். முதலைப்பட்டியைச் சுற்றியுள்ள காடுகள் இன்னும் சில வருடங்களில் மனையாகவும் கடையாகவும் மண்டபமாகவும் மாறும். அங்கே முதல் சில அனுமதிகளில் ரோடுகள் ஒன்றோடொன்று சேருமா, பஸ் நிலையத்துக்குள் நடந்து நுழைய நாலு பக்கமும் வழி இருக்குமா என்பதை இப்போதே எழுதிவைத்தால், அது பெரிய செலவில்லாத காரியம். கட்டடம் எழும்பிய பிறகு ஒரு சந்து திறக்கவும் நீதிமன்றம் போகவேண்டிவரும்.

சந்தையைப் பரப்பி வைத்த நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் சேலத்துக்கு ஒரே பெரிய மார்க்கெட் கட்டவில்லை. சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாபட்டி, அஸ்தம்பட்டி என்று வட்டாரத்துக்கு ஒன்றாக அமைந்தன. காலையில் பை எடுத்துக்கொண்டு நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களை இந்தச் சந்தைகளில் பார்க்கலாம். காய்கறி விலை பற்றிப் பேசும் அளவுக்கு இந்த இட அமைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

பள்ளிக்கூடங்கள் எதிர்த்திசையில் போயின. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் மாநிலம் முழுக்கப் பெயர் பெற்றவை. பலவும் ஊருக்கு வெளியே பெரிய வளாகங்களில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கின்றன. மஞ்சள் வேன்களும் பஸ்களும் காலை ஆறரைக்கே கிராமங்களைச் சுற்றத் தொடங்குகின்றன. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போவது என்பதை அறியாமலே வளர்கிறார்கள். மறுபக்கம், 2001இல் ஒரு பகுதி மாணவிகளுக்குத் தொடங்கி 2005 வாக்கில் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வருடந்தோறும் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகி யார் துணையுமின்றி வெளியே போகத் தொடங்கியதை அறிந்தவர்களுக்கு ஒரு சைக்கிள் என்ன செய்யும் என்று தெரியும். ஆனால் சைக்கிளைக் கொடுத்த அரசின் இன்னொரு துறைதான் ரோட்டையும் போடுகிறது. அந்த ரோட்டில் சைக்கிளுக்கென்று ஒரு முழம் இடமும் இல்லை. கல்லூரி சேர்ந்ததும் பிள்ளை முதலில் கேட்பது பைக்.

நெடுஞ்சாலை இந்தக் கதையில் தனி அத்தியாயம். சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், நாமக்கல், பரமத்தி வேலூர் என்று போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நாலுவழியானபோது லாரிக்காரர்களின் ஊருக்கு அது பெரிய வரம். லாரித் தொழிலும் கோழிப் பண்ணையும் இல்லாமல் நாமக்கல் இல்லை; அந்த ரோட்டின் தேவையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரே கிராமம் என்பதை வரைபடம் கண்டுகொள்ளவில்லை. வீடு இந்தப் பக்கம், காடு அந்தப் பக்கம். டீக்கடை இங்கே, ரேஷன் கடை அங்கே. நடுவில் மீடியன். திறப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி. புல்லுக்கட்டைத் தலையில் வைத்தவர் சுற்றிப் போகமாட்டார், மீடியனில் ஏறித்தான் இறங்குவார். சைக்கிள்காரர் எதிர்த்திசையில் ஓரமாக வருவார். விபத்து நடந்தால் அஜாக்கிரதை என்று எழுதப்படும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர். இத்தனை பேரும் அஜாக்கிரதையால் இறந்தார்கள் என்று என்னால் ஏற்க முடியாது. ரோடு அவர்களை அப்படிக் கடக்க வைத்தது.

இனி தெருவுக்கு வருவோம். இந்திய சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை, பிளாட்பாரத்தில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே உரசாமல் போகிற அகலம், முழங்கால் வலிக்காரர் ஏறுகிற உயரம். நம் ஊர்களில் பிளாட்பாரம் என்பது பெரும்பாலும் சாக்கடையின் மூடிதான். சாக்கடைக்கு எவ்வளவு ஆழம் வேண்டுமோ அதற்கேற்ப மூடி உயர்கிறது. ஒன்றரை அடிகூட உயர்ந்து நிற்கும். ஒரு ஸ்லாப் ஆடும், அடுத்த ஸ்லாப் இருக்காது. நடுவில் டிரான்ஸ்பார்மர், அப்புறம் கடையின் படிக்கட்டு, அப்புறம் பைக் ஏற்றும் சரிவு. கைத்தடியோடு வரும் பெரியவர் நூறு அடிக்குள் நாலு முறை ஏறி இறங்க வேண்டும். அவர் ரோட்டிலேயே இறங்கி நடப்பது புத்தியுள்ள முடிவு. பிளாட்பாரத்தில் யாரும் நடப்பதில்லை, எதற்குப் போடுவது என்று அதையே காரணம் காட்டி அடுத்த முறை ரோட்டை அகலப்படுத்துகிறார்கள்.

சேலம் ஐந்து ரோட்டில் 2020 ஜூனில் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். குரங்குச்சாவடியிலிருந்து அண்ணா பூங்கா வரை நிற்காமல் போக அது உதவுகிறது. பாலம் வருவதற்கு முன் அந்தச் சிக்னலில் நின்றவர்கள் அதன் அருமையை அறிவார்கள். பாலம் தீர்த்தது கடந்து போகிறவரின் பிரச்சினையை. ஐந்து ரோட்டுக்கே வருகிறவர், அதாவது பஸ் இறங்கி எதிர்ச்சாரியில் உள்ள துணிக்கடைக்கோ கிளினிக்குக்கோ போகிறவர், கீழே தூண்களுக்கு நடுவில் வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டுதான் கடக்கிறார். மேலே வாகனங்கள் போய்விட்டதால் கீழே இடம் மிச்சமாகியிருக்கிறது. அந்த இடத்தை அகலமான பிளாட்பாரமாகவும் தரைமட்டக் கடவையாகவும் மாற்றுவதற்கு இன்னொரு பாலம் தேவையில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுக் கனவு என்பவர்களுக்கு ஒரு செய்தி. நெதர்லாந்திலும் 1950, 60களில் சைக்கிள் குறைந்து கார் பெருகியது. 1971இல் மட்டும் அங்கே சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள், அவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்து போராடினார்கள், எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, அரசு சாலை அமைப்பை மாற்றத் தொடங்கியது. நம் மாநிலத்திலும் சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தது. 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்ற சேலத்துக்கு ஈரடுக்கு பஸ் நிலையம் கிடைத்தது. அதைச் சுற்றி நடக்கும் வழி ஒரு பாண்டி பஜார் அளவுக்குக்கூடக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி இது சலுகை கேட்கும் விஷயம் இல்லை.

எங்கே கேட்பது என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டப்படி, எந்த நிலத்தில் எது வரலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்ல அவகாசம் தரவேண்டும். அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் மனை வியாபாரிகளும், தங்கள் நிலம் என்ன வண்ணத்தில் இருக்கிறது என்று பார்க்கும் நில உரிமையாளர்களும்தான் படிக்கிறார்கள். அடுத்த முறை குடியிருப்போர் சங்கமும் பள்ளிப் பெற்றோரும் நெசவாளர் சங்கமும் உட்கார்ந்து எழுத வேண்டும். நடைபாதை வேண்டும் என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். எந்த சர்வே எண்ணில் இட்டேரி போகிறது, அது எந்தப் பள்ளியை எந்தத் தெருவோடு சேர்க்கும், எந்த லேஅவுட் சுவரில் ஆறடி வழி திறந்தால் எத்தனை மீட்டர் குறையும், நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் ஊர் கடக்கிறது என்று கிராம வரைபடத்தின் நகலை இணைத்து எழுத வேண்டும். கிராம வரைபடம் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இருக்கும், இட்டேரி எங்கே இருந்தது என்று சொல்ல ஊரில் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.